உபவாசக்கார அக்கா

நான் விழுந்தபோது கை தட்டினார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில் எங்கள் ஜெப வீட்டில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பாட்டின் நடுவே எனக்குக் கண் இருட்டியது, முழங்கால் மடங்கியது, நெற்றி போய்த் தரையில் மோதியது. வேறு எந்தக் கூட்டத்தில் ஒருத்தி இப்படி விழுந்தாலும் 'ஐயோ, தண்ணி கொண்டாங்க' என்று நாலு பேர் ஓடிவருவார்கள். எங்கள் கூட்டத்தில் விழுவது பெரிய பாக்கியம். அபிஷேகம் இறங்கினால்தான் ஆள் விழும். அதிலும் விழுந்தது யார்? நான். உபவாசக்கார அக்கா. கேட்கவா வேண்டும்? கை தட்டல் கூடியது, பாட்டின் வேகம் கூடியது, ஒரு அம்மாள் வந்து என் கால் தெரியாமல் சால்வையைப் போர்த்திவிட்டு, "யாரும் தொடாதீங்க, ஆண்டவர் பேசிக்கினு இருக்காரு" என்று பக்கத்திலேயே காவல் நின்றார்.

ஆண்டவர் ஒன்றும் பேசவில்லை. உடம்பில் பொட்டாசியம் என்கிற உப்பு வற்றிப்போய் என் இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. சால்வைக்குள் மூச்சு முட்டியது. எனக்கு எல்லாம் கேட்டது, ஆனால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

என்னைத் தூக்கியது என் அண்ணன் டேவிட். வெளியே வேப்பமரத்தடியில் பைக்கோடு நின்றிருந்தான், என்னை வீட்டுக்கு அழைத்துப் போக. கொஞ்சம் ஊற்றிக்கொண்டும் வந்திருந்தான். அவன் குடியை விட வேண்டும் என்பதற்காகத்தான் நான் உபவாசமே ஆரம்பித்தேன் என்பது அந்தக் கூட்டத்துக்கே தெரியும். எனவே அவன் உள்ளே நுழைந்ததும் பாட்டு நின்றது.

"இன்னாபா பண்றீங்க? விழுந்து கிடக்குது, பாட்டுப் பாடிக்கினு இருக்கீங்க?"

"டேவிட், வெளிய போப்பா. குடிச்சிட்டு உள்ள வரக்கூடாது."

"ஜெபத்துக்கு வரல. என் தங்கச்சி மூஞ்ச பாருங்க, வெளுத்துப்போய் கிடக்குது. நவுருங்க."

அத்தனை பக்திமான்கள் நடுவில் என் முகத்தைப் பார்த்தவன் ஒரு குடிகாரன் மட்டும்தான். அவன்தான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏற்றினான். பிரம்மோற்சவம் என்று காஞ்சிபுரத்துக்குள் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் அண்ணனின் வாயை மோந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எனக்கு வந்தது என்ன நோய் என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அல்சர் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. செய்வினை என்று ஒரு கூட்டம். காதல் தோல்வி என்று என் கடையில் ஒருத்தி கண்டுபிடித்திருக்கிறாள். அவள் வாயில் மண்ணு விழ.

கடை என்றால் பட்டுப்புடவைக் கடை. காஞ்சிபுரத்தில் வேறு என்ன கடையில் வேலை பார்ப்பேன்? என் வேலை, வாடிக்கையாளர் எடுக்கச் சொல்லும் புடவையைக் கட்டியிருக்கும் துணிமேலேயே சுற்றி, முந்தானை விட்டு, கண்ணாடி முன்னால் நின்று காட்டுவது. மேனேஜர் என்னைத்தான் கூப்பிடுவார். "ஜான்சி மேல போட்டாத்தான் புடவை நிக்குது" என்பார். சென்னையிலிருந்து வந்த அம்மாக்கள் என் இடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நான் இளைக்க இளைக்க அவருக்கு என்மேல் மரியாதை கூடியது. பொம்மைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம், ஆனால் சிரிக்கத் தெரியாது என்ற ஒரே காரணத்தால்தான் அவர் ஒரு பொம்மையை வாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டு அறையில் கூட வேலை பார்க்கும் பெண்களில் ஒருத்திக்கு சஷ்டி, ஒருத்திக்கு ஏகாதசி, ஒருத்திக்கு சனிக்கிழமை. இந்த ஊரில் கோயிலுக்குப் பஞ்சமா, விரதத்துக்குப் பஞ்சமா? எனக்கு வெள்ளி. அப்புறம் புதனும் வெள்ளியும். அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது லெந்து நாட்கள் முழுக்க. லெந்து முடிந்தும் எனக்கு முடியவில்லை. என் டப்பாவைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவரவர் விரதத்தை அவரவர் பெருமையடித்துக்கொள்ளவே நேரம் போதவில்லை.

அண்ணன் குடியை விடவில்லை. ஆனால் நான் உபவாசம் இருந்ததில் ஒருத்தருக்கு வெளிநாட்டு விசா கிடைத்தது, ஒருத்தருக்கு வயிற்றில் குழந்தை நின்றது. அவ்வளவுதான், என் பெயர் பரவிவிட்டது. முசரவாக்கத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தது. "அக்கா, எங்களுக்காக ஒரு நாள் இருங்க." இருந்தேன். யார் கேட்டாலும் இருந்தேன். பசிக்கும். நன்றாகப் பசிக்கும். பசிக்கப் பசிக்க உள்ளுக்குள் ஒரு கர்வம் வரும் பாருங்கள், அதற்கு ஈடாக உலகத்தில் எந்தச் சாப்பாடும் கிடையாது. தெருவில் பஜ்ஜி தின்று கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரமாக இருக்கும். அண்ணன் ஒரு கட்டிங் உள்ளே போனதும் உலகத்தை ஒரு பார்வை பார்ப்பானே, அதே பார்வைதான் என்னுடையதும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

சரி, ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன்.

முதலில் சேர்த்தது ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே இருந்த பெரிய டாக்டர் என்னைப் பார்க்காமல் என் ரிப்போர்ட்டைப் பார்த்தே பேசுவார். இளைத்திருந்தால் காசநோய் என்று சளி எடுத்தார்கள், இல்லை. தைராய்டு பார்த்தார்கள், இல்லை. சர்க்கரை இல்லை. வாய்க்குள் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். வயிறு காலியாக இருந்தது, அது ஒன்றைத்தான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். "கேஸ் டிரபிள்" என்று முடித்தார். இதயத்தின் ஓட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஈ.சி.ஜி. காகிதத்தைப் புரட்டிய ஒரு நர்ஸ்தான், "சார், இது கேஸ் இல்ல, எழுதி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க" என்றாள். அவருக்கு வந்ததே கோபம், ஆனாலும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பில் வந்தது. எங்கள் அப்பா அதை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, பில்லில் இருந்த எழுத்துப்பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டுக் கவுண்டரில் கொடுத்தார். மகள் ஸ்டிரெச்சரில் கிடக்கிறாள், இவர் மருந்துப் பெயரில் ஒற்றெழுத்து சரிபார்க்கிறார். அம்மாதான் பணத்தைக் கட்டினாள். எங்கிருந்து கட்டினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

பெரியாஸ்பத்திரியில் வராந்தாவில் ஒரு பெஞ்சு கிடைக்கவே அரைநாள் ஆனது. டோக்கன் கூப்பிடுகிறவர் குரலைத் தவிர மற்ற எல்லாக் குரலும் தெளிவாகக் கேட்கும் இடம் அது. ஆனால் வார்டுக்குள் போனதும் ஒரு வயதான டாக்டர் என் நகத்தை அமுக்கிப் பார்த்தார், கன்னத்து எலும்பைப் பார்த்தார், கையில் முளைத்திருந்த பூனை முடியைப் பார்த்தார், "எவ்ளோ நாளா சாப்பிடல?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை ஒரு மனிதர்கூடக் கேட்கவில்லை. நான், "உபவாசம் டாக்டர்" என்றேன்.

"எதுக்கு?"

"எங்க அண்ணன் குடியை விடணும்னு."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் செருப்பைப் பார்த்தான்.

"இதோ பாரும்மா, இது விரதம் கிடையாது. உடம்பு தன்னையே தின்னுக்கினு இருக்குது. கொழுப்பு தீந்துடுச்சு, சதை தீந்துடுச்சு, இப்ப இதயத்துல கை வெச்சிருக்குது. இன்னொரு தடவ ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் ஹார்ட் நிக்கலாம். கிடப்பியா?"

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயிரே போகும் என்கிறார், அப்போதும் எனக்கு உள்ளே, 'அடுத்த வெள்ளிக்கிழமை என்ன ஆகும்' என்றுதான் ஓடியது. என் உயிர் இனி எதில் தொங்குகிறது என்று எனக்கு அங்கேயே தெரிந்துபோனது. யாராவது வந்து 'அக்கா, ஒரு நாள்' என்று கேட்டால் என்னால் இல்லை என்று சொல்ல முடியுமா? அதில்தான்.

நோய்க்குப் பெயர் சொன்னார்கள். அனோரெக்சியா. பசியின்மை என்று அர்த்தமாம். பெயர் வைத்தவன் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்திருக்க மாட்டான். பசி இல்லாமலா? பசியைத் தவிர எனக்கு வேறு என்ன இருந்தது?

வைத்தியம் இன்னும் பெரிய கூத்து. சாப்பிடாமல் இருந்தாலும் சாவேன், வயிறு நிறையச் சாப்பிட்டாலும் சாவேன். நெடுநாள் காய்ந்த உடம்பில் திடீரென்று சோறு விழுந்தால், இரத்தத்தில் மிச்சமிருக்கும் கொஞ்ச உப்புச் சத்துகளையும் செரிமானமே இழுத்துக்கொள்ளுமாம், அதில் இதயம் நின்றுவிடுமாம். எனவே கஞ்சியைக் கரண்டிக் கணக்கில் கொடுத்தார்கள், இடையிடையே இரத்தம் எடுத்தார்கள், கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் கஞ்சியை நான் ஒரு எதிரியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். முதல் கரண்டி உள்ளே போனபோது எனக்கு வந்தது பசி தீர்ந்த சுகமில்லை, அழுகை. தோற்றுப்போன அழுகை.

அண்ணன் கஞ்சி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துக் காட்டுவான். "நல்லாத்தான் இருக்குது. கடையில நான் குடிக்கிறத விட இது தேவலாம்" என்பான். ஆஸ்பத்திரி வாசலில் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருந்தான். வியர்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. அம்மா எனக்குத் தலை வாரிவிடுவாள். சீப்போடு கொத்துக் கொத்தாக வரும் முடியை நான் பார்க்காதபடி சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி என்ன சொல்ல! மேனேஜர் ஆப்பிளோடு வந்து, "சீக்கிரம் வாம்மா, கல்யாண சீசன் ஆரம்பிக்குது" என்றார். ரொம்பக் குண்டாகிவிட வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டும் போனார். போதகர் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். ஜெபம் செய்தார், நல்ல மனிதர்தான். போகும்போது, "சிஸ்டர், எழுந்து வந்து இதைச் சாட்சியா சொல்லணும். உபவாசத்துல மரிச்சவங்களக் கர்த்தர் எழுப்பினாருன்னு" என்றார். நான் இன்னும் மரிக்கவே இல்லை, அதற்குள் எழுப்பிவிட்டார்.

அப்பா தினமும் வந்தார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அடுத்த கட்டில் அம்மாளின் பேரப்பிள்ளையிடம் பதினேழாம் வாய்ப்பாடு கேட்பார்.

மனநல டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாள். 'இவளுக்கு என்ன தெரியும்' என்று உட்கார்ந்திருந்தேன். குண்டாகிவிடுவோம் என்று பயமா என்று கேட்டாள். சினிமா பார்ப்பீர்களா, போனில் மாடல் பெண்களைப் பார்ப்பீர்களா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. புத்தகத்தில் படித்ததைக் கேட்கிறாள், கேட்கட்டும் என்று இருந்தேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க வீட்டுல ராத்திரி சாப்பாடு எப்படி நடக்கும் ஜான்சி?"

"எல்லா வீட்டுலயும் நடக்கிற மாதிரிதான்."

"சொல்லுங்களேன்."

"நானும் அண்ணனும் வரிசையா நிப்போம். இன்னிக்கு என்ன பண்ணோம்னு சொல்லுவோம். அப்பா சரின்னா தட்டுல போடுவாங்க. சரியில்லன்னா தட்டைக் கவுத்து வெச்சிட்டுப் போய்ப் படுத்துக்குவோம்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"எல்லா வீட்டுலயும் அப்படி இல்ல ஜான்சி."

முப்பது வயது தாண்டிய ஒருத்திக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. அடுத்தவன் வீட்டில் இராத்திரி எப்படிச் சோறு தின்கிறான் என்று எட்டிப் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பெண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆனால் வாய் திறந்துவிட்டது, மூடவில்லை. கணக்கில் மார்க் குறைந்தால் தட்டு கவிழும். வாசல் பெருக்கவில்லை என்றால் கவிழும். அண்ணனுக்குப் பெரும்பாலான நாள் கவிழ்ந்தே கிடக்கும். "சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கிற?" என்பார் அப்பா. அம்மா அடுப்பங்கரையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பத்தாம் வகுப்பில் ஒரு நாள், அவர் கேள்வி கேட்கும் முன்பே நான் என் தட்டை நானே கவிழ்த்துவிட்டேன். "எனக்கு வேணாம்." அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அம்மாவிடம், "இவளுக்கு ரோஷம் இருக்குது" என்றார். என்னை அவர் பாராட்டிய முதல் நாள் அது.

"அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது?"

"ஜெயிச்ச மாதிரி இருந்தது" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். முதல் முறை எப்போது குடித்தாய் என்று கேட்டாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "சாயங்காலம் ஆச்சுன்னா எனக்குக் கால் வீட்டுப் பக்கம் போகாது டாக்டர். வீட்டுக்குப் போனா நிக்கணும், சொல்லணும். அவரு தூங்குற வரைக்கும் எங்கனா இருக்கணும்ல? கடைல உக்காந்தா ஒருத்தனும் இன்னிக்கு இன்னா பண்ணன்னு கேக்கமாட்டான்" என்றான்.

அவ்வளவுதான் விஷயம். என் உபவாசத்துக்குக் காரணம் இவன் குடி என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் குடலைக் காயப்போட்டதும் இவன் குடலை அவித்ததும் ஒரே சாப்பாட்டு நேரம். ஒருத்தன் அந்த நேரத்துக்கு வீட்டுக்கே வரவில்லை, ஒருத்தி வீட்டில் இருந்துகொண்டே சாப்பாட்டுக்கு வரவில்லை. அவனைக் குடிகாரன் என்று ஊர் துப்பியது. என்னை அக்கா என்று ஊர் கும்பிட்டது. எனக்கு அந்த ஊரைப் பார்த்துத் துப்பத் தோன்றியது.

டாக்டர் பெண் அப்பாவை வரச்சொன்னாள். நாங்கள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அவள் அறையில் மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. பெரிய வைத்தியம் என்று நினைத்தேன். அப்பாவால் அது முடியவில்லை. என் தட்டில் பாதி மிச்சம் இருக்கும்போதே, "அதை முடிச்சுடு. சும்மா வந்த சோறு இல்ல" என்றார். நான் தட்டைத் தள்ளினேன். அண்ணன் எழுந்துவிட்டான்.

"சார்" என்றாள் டாக்டர்.

"என்னம்மா சார்? உனக்கு இன்னா தெரியும்?" அப்பாவின் குரல் வராந்தா வரை போயிருக்கும். "கூரம் பக்கம் பண்ணையில எங்க அம்மா களையெடுத்துட்டு வந்து கூழுக்கு நிப்பாங்க. நான் பக்கத்துல நிப்பேன். பண்ணைக்காரன் இன்னிக்கு எத்தினி பாத்தி முடிச்சன்னு கேப்பான். கொறைஞ்சா, ஊத்த வந்த பானைய எங்க கண்ணு முன்னாடியே மண்ணுல கவுப்பான். எங்க அம்மா சும்மா பாத்துக்கினு நிப்பாங்க. எம் புள்ளைங்க எவன் முன்னாடியும் அப்படி நிக்கக்கூடாதுன்னுதான்..."

என் அம்மா, எங்கள் வீட்டில் கரண்டியைத் தவிர எதையும், குரலைக்கூட, உயர்த்தாதவள், தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் செத்து எத்தினி வருஷம் ஆச்சு. அவன் வேலைய நீங்க ஏன் இன்னும் பாத்துக்கினு இருக்கீங்க?"

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து வெளியே போனார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. இவ்வளவு பெரிய கதையை வயிற்றில் வைத்துக்கொண்டு, அதை எங்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து சொல்லத் துப்பில்லாமல், எங்கள் தட்டைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தாரே என்று எரிச்சல்தான் வந்தது. சொல்லியிருந்தால் கேட்டிருப்போமே. கொஞ்ச நேரம் கழித்து டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். ஒன்றை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டான். இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். குணமாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மாதம் ஒரு தடவை நானும் அண்ணனும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம், எனக்கு ஒரு அறை, அவனுக்குக் குடி நிறுத்தும் பிரிவில் ஒரு அறை. நடுவில் ஒரு கல்யாணத்தில் அவன் மறுபடியும் குடித்தான். அன்றைக்கு நானும் இராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் டாக்டர் பெண்ணிடம் இருவரும் சொன்னோம். அவள் திட்டவில்லை, அதுதான் எங்களுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கடைக்கு நான் திரும்பப் போகவில்லை. மேனேஜர் இப்போது ஒரு பொம்மை வாங்கிவிட்டாராம். அப்பா எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். கேள்வி கேட்பதில்லை. கேள்வி வாய் வரைக்கும் வருவது அவர் தாடையில் தெரியும், அதைச் சோற்றோடு சேர்த்து மென்று முழுங்குவார்.

போன வாரம் மதியம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். வாசலில் ஒரு குரல். முசரவாக்கத்திலிருந்து ஒரு அம்மாள், நான் முன்பு அவர் மகளுக்காக உபவாசம் இருந்திருக்கிறேன். அதே மகளுக்கு இப்போது பிரசவமாகி, குறைமாதக் குழந்தை கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறதாம்.

"ஜான்சிமா இருக்குதா? ஒரு நாள்... ஒரு நாள் கூட வேணாம், பொழுது சாயுற வரைக்கும் இருந்தா போதும். அது ஜெபம் பண்ணா நடக்கும்."

அம்மா என்னைப் பார்த்தாள். அண்ணன் கை பாதி வழியில் நின்றது. அப்பா எழுந்தார், எச்சில் கையோடு வாசலுக்குப் போய் நின்றார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். என் மகள் இருப்பாள், அவளுக்கு ரோஷம் அதிகம் என்பார்.

"எம் பொண்ணு சாப்பிட்டுக்கினு இருக்குதும்மா" என்றார். "அது இனிமே பட்டினி கிடக்காது."

அந்த அம்மாள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். அழுது வீங்கிய முகம். "ஜான்சிமா, உன்னால முடியாதா? பச்சக்கொழந்தமா."

எனக்கு உள்ளே அந்தப் பழைய கர்வம் துள்ளிக்கொண்டு எழுந்தது. முடியும். என்னால் மட்டும்தான் முடியும். இந்தத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் போதும், இந்த அம்மாள் என் காலைத் தொடுவார், நாளை ஐயம்பேட்டை முழுக்க என் பேச்சாக இருக்கும், குழந்தை பிழைத்தால் என் பெயரையே வைப்பார்கள். 'இருக்கிறேன்' என்ற சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. வாய் நிறையச் சோறு இருந்தது. சொல் வெளியே வர வேண்டுமென்றால் முதலில் அதைத் துப்ப வேண்டும், இல்லை முழுங்க வேண்டும்.

முழுங்கினேன்.

"கொழந்தைக்காக ஜெபம் பண்றேன் மா" என்றேன். "சாப்பிட்டுக்கினே பண்றேன்."

அந்த அம்மாள் என்னையும் என் தட்டையும் ஒரு பார்வை பார்த்தார். நான் பஜ்ஜி தின்பவர்களைப் பார்த்த அதே பார்வை, கொஞ்சமும் குறையவில்லை. இவளும் எல்லோரையும் போலத்தான் என்று அவர் முகம் சொன்னது. படியிறங்கிப் போய்விட்டார்.

அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்தக் குழந்தைக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை என்பதால் பெயரில்லாமலேயே அதற்காக ஜெபம் செய்துகொண்டு, குழம்பைப் பிசைந்து, அடுத்த வாயை எடுத்து வைத்தேன்.